பச்சை விளக்குகளின் பின்னே

பள்ளி விடுமுறை தொடங்கிய இரவு. சாங்கியிலிருந்து திருச்சிக்குப் புறப்படும் விமானத்தில் குடும்பத்தோடு அமர்ந்திருந்தோம். "ஏறிவிட்டோம்" என்று பாட்டிக்குத் தகவல் அனுப்பியாகிவிட்டது. விமானமும் முனையத்தை விட்டு நகர்ந்தது. ஆனால் பறக்கவில்லை. ஊர்ந்தது, திரும்பியது, நின்றது, மறுபடி ஊர்ந்தது.

"அப்பா, ரோட்டுலயே திருச்சிக்குப் போறோமா?" என்றாள் ஜன்னலோரம் இருந்த மகள்.

வெளியே பார்க்கச் சொன்னேன். விமானம் வளைந்து திரும்பியபோது, தரையில் பதித்த பச்சை விளக்குகள் மணி கோத்தாற்போல் தெரிந்தன. சாங்கியில் ஒவ்வொரு விமானத்துக்கும் அது போகவேண்டிய வழியை மட்டும் காட்டிப் பச்சை விளக்குகள் எரியும். விமானி அவற்றைத் தொடர்ந்து போகவேண்டும். குறுக்கே சிவப்பு விளக்குகள் எரிந்தால் நின்றுவிட வேண்டும்.

பயணிகளான நமக்கு இது சும்மா காத்திருக்கும் நேரம். விமானி அறையிலோ வேலை குவியும் நேரம். ஒருவர் பக்கத்திலுள்ள சிறிய கைச்சக்கரத்தால் விமானத்தைத் திருப்புகிறார். மற்றவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறார், இறக்கை மடிப்புகளைச் சரிபார்க்கிறார், பட்டியலை வாசிக்கிறார். இதற்கிடையில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால்கூட, இன்னொரு விமானம் இறங்கும் ஓடுபாதையில் போய் நிற்க நேரலாம்.

அதனால்தான் அந்த நேரத்தில் அரட்டைக்கு இடமில்லை. 1974ல் அமெரிக்காவின் சார்லட் நகரில், மூடுபனியில் தரையிறங்க வந்த விமானம் விழுந்து 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடைசி நிமிடங்களில் விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத கதைகளைப் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் தெரியவந்தது. அதன்பின் 1981ல் அங்கே ஒரு விதி வந்தது. தரையில் நகரும்போதும், புறப்படும்போதும், இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் பாதுகாப்புக்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ கூடாது. வேறு பல நாடுகளும் இதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன.

ஆனால் கவனம் சிதற அரட்டைதான் வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரர்கள் மறக்கமுடியாத ஓர் இரவு அதைச் சொல்கிறது.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 31. தைப்பே விமான நிலையத்தில் சூறாவளி மழை. லாஸ் ஏஞ்சலிஸ் செல்லவேண்டிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 006 விமானம், இரவு 11.17 மணிக்கு ஓடுபாதையில் வேகமெடுத்தது. அது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஓடுபாதை அல்ல. பக்கத்திலேயே, கட்டுமானப் பணிக்காக ஒரு பகுதி மூடப்பட்டிருந்த இன்னொரு பாதை. அங்கிருந்த கான்கிரீட் தடுப்புகளிலும் இயந்திரங்களிலும் மோதி விமானம் உடைந்து எரிந்தது. இருந்த 179 பேரில் 83 பேர் உயிரிழந்தனர்.

விமானி அறையில் மூவர் இருந்தனர். வீண்பேச்சு எதுவும் இல்லை. அவர்கள் மனம் முழுக்கக் காற்றிலும் மழையிலும் இருந்தது. பச்சை விளக்குகள் மூடிய பாதைக்குள் வளைந்து சென்றன. சரியான பாதைக்கு நேராக வழிகாட்டவேண்டிய விளக்குகளில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கலாக இருந்தது. விமானம் சரியான பாதையில் நிற்கவில்லை என்பதற்கான அறிகுறி அறைக்குள்ளேயே ஒரு கருவியில் இருந்தது. கண்ணெதிரே ஓடுபாதை தெரிகிறதே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் விமானம் எங்கே இருக்கிறது என்று கோபுரத்துக்குக் காட்டும் ரேடாரும் அப்போது அங்கே இல்லை.

கொட்டும் மழையில் பிஐஇ விரைவுச்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு இது ஓரளவு புரியும். முன்னே போகும் லாரியையே கவனித்துக்கொண்டிருப்போம். வெளியேறவேண்டிய வழி கடந்து போயிருக்கும். நமக்கு அதனால் பத்து நிமிடம் வீண். விமானிக்கு அந்தச் சலுகை கிடையாது.

எங்கள் விமானம் மீண்டும் நின்றது. பின்வரிசையில் ஒருவர் அழைப்பு மணியை அழுத்தினார். தண்ணீர் வேண்டுமாம். "மேலே போனதும் தருகிறேன் ஐயா" என்று இருக்கையிலிருந்தபடியே பதில் சொன்னார் பணிப்பெண். இந்த நேரத்தில் அவர்களும் தேவையில்லாமல் விமானியை அழைக்கமாட்டார்கள். அதற்காகப் புகையையோ நெருப்பையோ கண்டால் நாம் தயங்கக்கூடாது. உடனே பணியாளரிடம் சொல்லவேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் இறங்கி ஓடி மறைந்தது. "இதுக்குத்தான் நின்னோமா?" என்றாள் மகள். தலையசைத்தேன். சற்று நேரத்தில் நாங்கள் ஓடுபாதையில் திரும்பினோம்.

சாங்கியின் விளக்குகள் கீழே சிறுத்து, கடலில் கப்பல்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. வழக்கமாக வாய் ஓயாத பிள்ளை மௌனமாக இருந்தாள். இருக்கைவார் விளக்கு அணைந்ததும் என் காதருகே வந்து கேட்டாள்:

"அப்பா, இப்ப பேசலாமா?"