தெளிவாக எழுதவும்

மூன்றாம் வகுப்புக்கு நான் போட்ட சட்டங்கள் எங்கள் பள்ளியில் பிரசித்தம். நோட்டுக்குப் பழுப்பு அட்டை, அதன்மேல் லேபிள், ஸ்கேல் வைத்து மார்ஜின், மேல் மூலையில் தேதி, தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு. அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுத வேண்டும். அரசு கொடுத்த விலையில்லா நோட்டுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு வந்த பிள்ளையை வெளியே நிற்க வைத்திருக்கிறேன். பழுப்புத் தாள் வாங்க அந்த வீட்டில் காசு இருந்ததா என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

கேட்டால் ஒழுக்கம் என்பேன். நிஜக் காரணம் சோம்பல். நோட்டுக் கட்டு மேசைக்கு வந்ததும் கையெழுத்தைப் பார்த்து மார்க் போடுவது சுலபம். பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று படிக்கத்தான் நேரம் பிடிக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் நாலு பக்கம் புரட்டுவார், அவ்வளவுதான். எந்த நோட்டு மேலே இருக்க வேண்டும், எது அடியில் போக வேண்டும் என்று முந்தின நாளே அடுக்கிவிடுவேன்.

மோசமான கையெழுத்து அரைகுறைக் கல்வியின் அடையாளம் என்று காந்தி சத்திய சோதனையில் வருந்தியிருப்பதை வகுப்பில் அடிக்கடி எடுத்துவிடுவேன். அதே இடத்தில், எழுத்துக்கு முன்னால் குழந்தைக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். ஓவியப் பீரியடை எடுத்துக் காப்பி நோட்டு எழுத வைத்தவள் நான். அந்தப் பாதியைச் சொல்வேனா?

பிள்ளைகளை அடித்ததில்லை என்ற பெருமை வேறு. ஒருவன் நோட்டை விரித்துக் காட்டி, "கோழி கிறுக்கின மாதிரி இருக்கா இல்லையா?" என்று வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

அவன் இடது கைக்காரன். எழுதி முடித்த எழுத்தின் மேலேயே கை நகரும்; பென்சில் கரி பக்கம் முழுக்க ஈஷிக்கொள்ளும். வீட்டில் நடந்ததைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது, சிவப்பு மையில் 'தெளிவாக எழுதவும்' என்று போட்டுப் பத்துக்கு நாலு கொடுத்தேன். பாடப்புத்தகப் பத்தியை முத்து முத்தாகப் பார்த்து எழுதிய பெண்ணுக்குப் பத்து. ஆண்டுக் கடைசியில் பழைய நோட்டுகளை ஒதுக்கும்போதுதான் அவன் எழுதியதைப் படித்தேன். ராத்திரி ஆடு குட்டி போட்டது. ரெண்டாவது குட்டி மூச்சு விடவில்லை. அப்பா மூக்கில் ஊதினார். நான் டார்ச் பிடித்தேன். அது தும்மியது.

ஒரு எழுத்துப்பிழை கிடையாது. 'ர்' மேல் புள்ளிகூட இருந்தது.

கையெழுத்து எப்படி இருந்தாலும் சரி என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். புள்ளி விட்டுப்போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். 'எ', 'ஏ' வித்தியாசம் தெரியத்தான் வேண்டும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை திக்காமல் வாசிக்க முடிந்தால் போதும் என்று அளவை மாற்றிக்கொண்டேன். அட்டை எதில் போட்டாலும் சரி. இரட்டைக் கோட்டை எடுத்துவிட்டேன்.

ஆனால் மார்ஜின் இல்லாத பக்கத்தைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் களைத்துப்போய், படிக்காமலே டிக் போட்ட பக்கங்கள் இந்த வருஷ நோட்டுகளிலும் இருக்கின்றன.