சுவருக்கு அப்பால்

பெங்களூருவின் ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியேறிய முதல் ஆண்டில் நிகழ்ந்தது இது.

ஒருநாள் மாலை என் மகன் மொட்டைமாடியில் தன் சிறிய ட்ரோனைப் பறக்கவிட்டான். பலத்த காற்று வீசவே, அது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது.

"சுவர் உயரமில்லை அம்மா, ஏறிக் குதித்து எடுத்துவருகிறேன்" என்றான்.

"ட்ரோன் உன்னுடையது, தோட்டம் அவர்களுடையது. வாசல் வழியாகச் சென்று கேட்போம்" என்றேன்.

கதவைத் திறந்த மூதாட்டியிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் செய்தியைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. "இதில் கேமரா இருக்கிறதல்லவா? நான் முற்றத்தில் அமரும்போதெல்லாம் தலைக்குமேல் சுற்றுகிறதே!" என்றார்.

நான் தலைகுனிந்தேன். 250 கிராமுக்கு மேற்படாத ட்ரோனை இயக்க உரிமம் தேவையில்லை என்னும் 2021ஆம் ஆண்டு விதியை மட்டுமே நான் அறிந்திருந்தேன். விமான நிலையத்தின் அருகிலுள்ள எங்கள் பகுதியில் பறக்கவிட முன் அனுமதி வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன். அயலார் முற்றத்தை எட்டிப் பார்க்கும் உரிமையையோ எந்த விதியும் தரவில்லை.

"க்ஷமிஸி, அஜ்ஜி" என்று மகன் மன்னிப்புக் கேட்டான். கைப்பேசியில் பதிவாகியிருந்த காட்சிகளை அவரிடம் காட்டி, அவர் கண்முன்னே அழித்தான். மூதாட்டி எங்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். ட்ரோனின் இறக்கை ஒன்று முறிந்திருந்தது; அது விழுந்த செம்பருத்திச் செடியிலும் ஒரு கிளை முறிந்திருந்தது. மகன் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் தன் சேமிப்புப் பணத்தில் செம்பருத்திக் கன்று ஒன்று வாங்கிச் சென்றான். அதன்பிறகு அந்த வீட்டு வாசல் எங்களுக்குத் திறந்தே இருக்கிறது.