அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம்: வெள்ளம் பார்த்த கியர் பாக்ஸ்

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை என்று கட்டடங்களுக்கு நடுவே போகும். பிறகு சட்டென்று இரு பக்கமும் வெளிச்சம். கீழே அடையாறு. ஆற்றைத் தாண்டியதும் வருகிற நிலையம் கோட்டூர்புரம். 2004 ஜனவரி 26-இல் திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரை பாதை நீண்டபோது திறந்த நிலையம் இது.

கோட்டூர் என்ற பழைய ஊரின் பெயர்தான் இந்தப் பகுதிக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு இங்கே வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள், பெரிய பங்களாக்கள், ஆற்றை ஒட்டி ஒரு மரப் பூங்கா. குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் நம் நாட்டு மரங்களை நட்டு வளர்த்த பூங்கா அது. ஊரிலிருந்து வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டிய இடம்.

இந்த ஆற்றைச் சாதுவாக நினைக்கக் கூடாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாக அரசுக் கணக்கு. ஏற்கெனவே மழை நீர் சேர்ந்திருந்த ஆறு அன்றிரவு கரை தாண்டியது. கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகள் மூழ்கின. ஆட்களைப் படகில் ஏற்றி வெளியேற்றினார்கள். தெருவிலும் அடித்தளத்திலும் நின்ற வண்டிகளை யாரால் ஏற்ற முடியும்? அவை நின்ற இடத்திலேயே நின்று தண்ணீர் குடித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அதே கதை.

விவசாயிகளுக்கான கதை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. மூழ்கிய வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏலத்தில் தள்ளிவிடும். எடுத்தவர்கள் கழுவி, சீட் மாற்றி, பாலிஷ் போட்டு விற்பார்கள். சில கை மாறியபின் அந்த வண்டி மதுராந்தகத்துக்கோ திண்டிவனத்துக்கோ வந்து நிற்கும்போது அதன் மேல் வெள்ளத்தின் அடையாளம் இருக்காது. தக்காளி மூட்டை ஏற்ற ஒரு பிக்கப், தண்ணீர் அடிக்க ஒரு பழைய லாரி என்று தேடுகிறவர் விலையைக் கேட்டு மயங்குவார். அதுவும் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் என்றால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும்.

ஆட்டோமேட்டிக் லாரி நம் பக்கம் புதிது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலிசன் கம்பெனி ஒரகடத்தில் ஆலை வைத்து, லாரி, பஸ், டிப்பருக்கான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களைச் செய்கிறது. ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் பிக்கப் 2019-இலேயே ஆட்டோமேட்டிக்கில் வந்துவிட்டது. இவை இனிமேல் பழைய வண்டிச் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும்.

காந்தி மண்டபம் சாலையில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. பிர்லா கோளரங்கமும் அதே வளாகம்தான். நட்சத்திரம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் போக்குவரத்துக் காட்சிக்கூடத்தைத் தவறவிடக் கூடாது. அதே சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-இல் திறந்த, ஒன்பது மாடிக் கட்டடம். இங்கே பொறியியல் நூல்களும் வேளாண்மை நூல்களும் ஒரே தளத்தில் இருப்பது யார் யோசனையோ, சரியான யோசனை. டிராக்டர் வைத்திருக்கும் எந்த விவசாயியும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆட்டோமேட்டிக் கியரின் அடிப்படையைப் புரிந்துகொள்ள இரண்டு மேசை மின்விசிறிகள் போதும். எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பி மூடிவிட்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டரின் தொடக்கம். ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் கப்பலுக்காகக் கண்டுபிடித்தார். இன்ஜினையும் சக்கரத்தையும் இணைப்பது இந்த எண்ணெய்தான். உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திக் கியர் மாற்றுவதும் அதே எண்ணெய், சூட்டைக் கொண்டுபோவதும் அதுவே. ஆகவே கியர் சரியாக விழாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயை.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இது எந்த வகை? கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே சாதி அல்ல. ஏஎம்டி என்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை ஆள் மிதிப்பதற்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் தெரியும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் ‘பி’ என்ற பார்க்கிங் நிலை இருக்காது. இதில் கோளாறு என்றால் கிளட்ச் தேய்மானம், அந்த மோட்டார், சென்சார் என்று தேட வேண்டும். கீழே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவைப் பார்ப்பது பொது வழக்கம். சிலவற்றில் லீவர் ‘பி’-யில் இருக்க வேண்டும், லாரிகளில் நியூட்ரலில் போட்டுக் கைபிரேக் இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. சில புது வண்டிகளில் அளவுக் கம்பியே இல்லை, அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும். அளவு குறைந்தால் லீவரை ‘டி’-க்குத் தள்ளியும் வண்டி யோசித்துத்தான் கிளம்பும். மேட்டில் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. குறைந்த எண்ணெய் எங்கேயோ ஒழுகியிருக்கிறது என்றும் அர்த்தம். அடித்தட்டு கேஸ்கெட், கூலர் குழாய், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அதிகமாக ஊற்றுவதும் தப்பு. நுரைத்துப்போய் அதுவும் வழுக்கும். இன்ஜின் ஆயிலையோ டிராக்டர் ஆயிலையோ ஊற்றிச் சமாளிப்பது பிளேட்டுக்கு எமன்.

அடுத்தது நிறமும் வாசனையும். பெரும்பாலான வண்டிகளில் புது எண்ணெய் சிவப்பு. கருத்துப்போய்க் கருகல் வாசனை வந்தால் பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. அங்கே எண்ணெய் மாற்றுவது வைத்தியம் ஆகாது. கையில் தேய்த்தால் உலோகத் துகள் மினுங்கினாலும் அப்படித்தான்.

ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால்? தண்ணீர் கலந்துவிட்டது. கோட்டூர்புரத்து வெள்ளத்தைப் போன்ற வெள்ளம் வண்டிக்குள் விட்டுப்போகிற கையெழுத்து இது. கியர் பாக்ஸின் மேலே சிறிய மூச்சுக்குழல் ஒன்று உண்டு. சூடான பெட்டி குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்காற்று சுருங்கி, அந்தக் குழல் வழியே தண்ணீரை உறிஞ்சும். நீர் பட்டால் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சின் பசை விட்டுப்போகும். உடனே தெரியாது, சில மாதங்கள் ஓடியபின்தான் உரியும். வெள்ளமே பார்க்காத வண்டியிலும் ரோஸ் மில்க் வரலாம். பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது உள்ளே அரித்தால் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து (இன்ஜின் ஆறிய பிறகு) எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

எண்ணெய் சுத்தம், அளவும் சரி, ஆனாலும் கோளாறு என்றால் பெட்டியைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. லீவரிலிருந்து போகும் கேபிள் தளர்ந்தால் லீவர் ‘டி’ காட்டும், உள்ளே பாதி வழியில் நிற்கும். பழைய மாடல்களில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். அது இழுத்தோ தொய்ந்தோ இருந்தால் கியர் சீக்கிரமாகவோ தாமதமாகவோ மாறும். எலெக்ட்ரானிக் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டால், அது பல நேரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முடக்க நிலை. காரணம் பச்சை பிடித்த எர்த் ஒயரோ, பலவீனமான பேட்டரியோ, வேக சென்சாரோ ஆக இருக்கலாம். ஸ்கேனர் போட்டுக் கோடு பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடலாம். காலையில் நன்றாக ஓடி, சூடானபின் மட்டும் வழுக்கினால் உள் சீல்கள் கெட்டிப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அது செலவு வைக்கும்.

வழியில் நின்றுபோன ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பதுதான் ஊர் வழக்கம். இதைச் செய்யவே கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் உள்ளே எண்ணெய் போகாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்பாகம் காய்ந்தபடி தேயும். ஓட்டு சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோ, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டோதான் இழுக்க வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சாவியையே திருப்பாமல், எண்ணெயை வடித்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட்.

பழைய பாகம் தேவைப்படுகிறவர் கோட்டூர்புரத்தில் அதே பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் புதுப்பேட்டை பக்கம். கழற்றி வைத்த கியர் பாக்ஸ்கள் அங்கே கிடைக்கும். விலை பேசுவதற்கு முன்னால் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, வெள்ளைத் துணியில் நான்கு சொட்டு எண்ணெய் விடச் சொல்ல வேண்டும். எண்ணெயே இல்லாமல் காலியாகக் கொடுத்தால் அளவுக் கம்பியின் துளைக்குள் துணியைச் சுருட்டி விட்டு எடுக்கலாம். துரு ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்த கடை.