ஸ்டூலை எடுத்தவன் நான்தான்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து வயதானவர்களைப் பொழுதுபோக்குப் பூங்கா வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். ஆள் சப்ளை செய்யும் ஒரு ஏஜென்சியில் சூப்பர்வைசர். பூங்காவின் பெயரையும் ஏஜென்சியின் பெயரையும் எழுதப்போவதில்லை. இங்கே நான் சொல்ல வந்தது என் கையால் செய்ததை மட்டும்தான். 2012-லிருந்து கொரோனா வரும்வரை எங்கள் ஏரியாவில் எனக்கு ரொம்ப நல்ல பெயர். ரிட்டயர் ஆனவர்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கிற பிள்ளை என்று சொல்லி, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். நானும் போய் நின்றேன். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவன் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் என்றால் பாதிப்பேர் மில் ஆட்கள். ராஜா மில், பின்னி மில், மினர்வா மில் என்று பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். ராஜா மில் இருந்த இடத்தில் 2010-ல் மந்திரி மால் திறந்தார்கள். மினர்வா மில்லின் பெயரை இன்றைக்கும் நாட்டில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றமே கைவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் உறுதி செய்த வழக்கு அந்த மில்லின் பெயரில்தான் இருக்கிறது. அந்த மில்லில் உழைத்தவர்களிடம்தான் ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளில் நான் கையெழுத்து வாங்கினேன்.

பெண்கள் என்றால் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் ஊதுபத்தி உருட்டியவர்கள். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. மெஷின் வந்தது, வியட்நாமிலிருந்து உருட்டிய பத்தியே கப்பலில் வந்து இறங்கியது, கை வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை. மில் ஆட்களுக்காவது 58 வயதுக்குமேல் பி.எஃப். பென்ஷன் என்று ஏதோ வந்தது. 2014 செப்டம்பரில் அதற்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள், அதற்கு முன்னால் அதற்கும் குறைவாக வாங்கியவர்கள் உண்டு. பத்தி உருட்டிய அம்மாக்களுக்கு அந்த ஆயிரமும் கிடையாது.

இவர்களை நான் ஏன் தேடிப் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இளவட்டப் பையன்கள் மூன்று மாதம் தாங்க மாட்டார்கள். டெலிவரி வேலைக்கு ஓடுவார்கள், சண்டை போடுவார்கள், சம்பளச் சீட்டைக் காட்டி இது ஏன் பிடித்தம் என்று கேட்பார்கள். பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். இந்த வயதில் வேலை கிடைத்ததே பெரிது என்று நினைப்பவர் எதைச் சொன்னாலும் நம்புவார். அது எனக்குத் தெரியும். தலைக்கு இவ்வளவு என்று எனக்கு மாதாமாதம் தனியாக ஒரு தொகையும் வந்தது.

ஆள் சேர்க்கும்போது போனில் ஒரு வீடியோ காட்டுவேன். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டு. 1971-ல் திறந்த அந்த இடத்தில் ரிட்டயர் ஆனவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். வெள்ளைத்தலைத் தாத்தாக்களும் பாட்டிகளும் பேட்ஜ் குத்திக்கொண்டு, சிரித்த முகமாகப் பிள்ளைகளுக்குக் கையசைப்பார்கள். "பாருங்க, அமெரிக்காவுலயே இப்படித்தான். இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல" என்பேன். அந்த நாட்டில் 65 வயதானால் மெடிகேர் என்று அரசாங்கமே மருத்துவக் காப்பீடு தருகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். அந்தத் தாத்தாவுக்குக் காலில் புண் வந்தால் போக ஒரு இடம் இருக்கிறது.

காலை இருட்டோடு தேவையா பார்க் பக்கம் வேன் வந்து நிற்கும். மில்லுக்குப் போன காலத்து டிபன் கேரியரோடே வருவார்கள். யூனிஃபார்ம் சட்டையை வீட்டிலேயே இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிற ஒருவர் இருந்தார். வேலை என்று பார்த்தால், தண்ணீர்ச் சறுக்கு ஏறுகிறவர்களுக்கு ரப்பர் டியூப் எடுத்துக் கொடுப்பது, ராட்டினத்தின் வாசலில் உயரக் கம்பத்தை வைத்துப் பிள்ளைகளை அளந்து விடுவது, லாக்கர் சாவி, செருப்பு கவுண்டர், பெண்கள் உடை மாற்றும் அறையைத் துடைப்பது. கேட்டால் லேசாகத்தான் இருக்கும். டியூப் ஈரத்தில் ஊறினால் நல்ல கனம். உயரம் பத்தாத பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அப்பன்காரன் திட்டுவான், அதை வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் தரை காயவே காயாது. குளோரின் தண்ணீரில் நாள் முழுக்க நின்று அந்த அம்மாக்களின் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் பிளந்து, சாயங்காலம் வேனில் ஏறியதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ரப்பர் பூட்ஸ் வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். பில் போட்டுக் கேட்டால் ஏஜென்சி தந்திருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

அந்த அறை வாசலில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. பக்கத்து ஐஸ்கிரீம் கடைப் பையன் இரக்கப்பட்டுக் கொடுத்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் மாறி மாறி உட்கார்வார்கள். ஒருநாள் பூங்கா மேனேஜர் அந்த வழியாக நடந்து போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூலைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். ஆனால் அவர் பார்த்திருப்பார், இந்த ஆட்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார், அடுத்த கான்ட்ராக்ட் நமக்கு வராது என்று எனக்குள் ஒரு பயம். அன்று மாலையே ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டோரில் போட்டுப் பூட்டினேன். மறுநாள் அறை துடைக்கும் அம்மாக்களில் ஒருவர் கேட்டார்.

"ஸ்டூலைக் காணமே, ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி?"

"ஆமாம்மா, மேலேயிருந்து ஆர்டர். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"சரி விடு. எங்களுக்காகப் பேசி உனக்கு ஏன் கெட்ட பேரு."

அப்படி ஒரு ஆர்டரே இல்லை. எடுத்தவன் நான். எனக்காக அவர் வருத்தப்பட்டதையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

இன்னொரு பெரியவர் டியூப் கவுண்டரில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் அஞ்சு நிமிஷம் உட்கார விடக்கூடாதா என்று கேட்டார். நூற்பில் நூல் அறுந்தால் இணைக்க வரிசை வரிசையாக நடந்து தேய்ந்த கால். அவரிடம் நான் சொன்னதை இப்போது எழுதவே கை கூசுகிறது. சென்னை வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் சிலை மனிதர் ஒருவர் உண்டு. கண்ணிமைக்காமல், யார் சிரிப்புக் காட்டினாலும் சிரிக்காமல், முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே ஆள் அந்த வேலையில் நின்றிருக்கிறார். "அவரு நிக்கலையா? உங்களுக்கு மட்டும் என்ன?" என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தச் சிலை மனிதர் பயிற்சி எடுத்து, தன் கலை என்று நினைத்து நிற்பவர். வயிற்றுப்பாட்டுக்காக டியூப் தூக்கும் கிழவரின் வாயை அடைக்க அவர் பெயரை எடுத்த புத்தி என்னுடையது.

இனி கணக்கு வழக்குக்கு வருகிறேன். பி.எஃப். சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்று, தன் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிட்டவர் மறுபடி வேலைக்குச் சேர்ந்தால் அவருக்குக் கட்டவேண்டிய கட்டாயம் இல்லை. மில்லில் முறையாக ரிட்டயர் ஆன சிலருக்கு அது பொருந்தும். நான் அதை எல்லாருக்கும் போட்டுவிட்டேன். வாழ்நாளில் பி.எஃப். என்பதையே பார்க்காத பத்தி உருட்டிய அம்மாக்களுக்கும், நாற்பத்தைந்து வயதில் மில் மூடி வெளியே வந்தவர்களுக்கும்கூட. "முழுத்தொகையும் எடுத்தாகிவிட்டது, எனக்கு பி.எஃப். வேண்டாம்" என்று ஒரே வாசகத்தை அந்த வெள்ளைத் தாள்களில் அப்புறம் டைப் அடித்தேன். கையெழுத்து அவர்களுடையது, வாசகம் என்னுடையது.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு விஷயம் இதைவிட மோசம். அதற்கு மேல்வயது வரம்பே கிடையாது. சம்பளம் உச்சவரம்புக்குள் இருந்தால் (2017-லிருந்து 21,000 ரூபாய்) எழுபது வயதானாலும் பதிவு செய்தே ஆகவேண்டும். அப்போது முதலாளி பங்கு 4.75 சதவீதம், தொழிலாளி பங்கு 1.75. 2019 ஜூலையில்தான் அது 3.25, 0.75 என்று இறங்கியது. இவர்களை மெயின் லிஸ்டில் காட்டாமல், கூட்ட நாளுக்கு மட்டும் வரும் தினக்கூலி என்று தனி நோட்டில் எழுதி வைத்தேன். மாசம் முழுக்க வந்தவர்கள்தான் எல்லோரும். பூங்கா ஆபீஸில் சலான் சரிபார்க்கும்போது அந்த நோட்டு மேஜைக்கே வராது.

டியூப் கவுண்டர் பெரியவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சுப் போட்டிருந்தது. ரொம்ப நாளாக பேன்ட்டுக்குள் துணி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒருநாள் துணியைத் தாண்டி நீர் கசிந்து ஷூவெல்லாம் நனைந்தபிறகுதான் எனக்குக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய புண். "ஈ.எஸ்.ஐ. கார்டு ஒண்ணு போட்டுக்குடு தம்பி, ராஜாஜிநகர் ஆஸ்பத்திரி பக்கம்தானே, நானே போய்க்கிறேன்" என்றார். உங்கள் வயதுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கார்டு இருந்திருந்தால் மருந்தும் படுக்கையும் இலவசம், வேலைக்கு வரமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள்வரை கிடைத்திருக்கும். அவர் மனைவியின் கம்மலை அடகு வைத்துத் தனியார் கிளினிக்கில் கட்டு மாற்றினார். வேலைக்குத் திரும்பவில்லை. அவர் இடத்தில் அடுத்த வாரமே இன்னொரு பெரியவரை நிறுத்தினேன்.

எனக்கு விதி தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அன்றைக்கு அது முழுசாகத் தெரியாதுதான். ஆபீஸில் இருந்த அக்கவுன்டன்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டால் கட்டவேண்டி வருமே என்றுதான் கேட்காமல் இருந்தேன்.

2020 மார்ச்சில் பூங்காக்களை மூடினார்கள். அக்டோபர் 15-லிருந்து திறக்கலாம் என்று மத்திய அரசு சொன்னபோது, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்ற அறிவுரையும் கூடவே இருந்தது. அவர்களைக் காப்பதற்காகச் சொன்ன வார்த்தையை வைத்தே அவர்களைக் கழற்றிவிட்டேன். அறுபதைத் தாண்டாதவர்களையும் சேர்த்து. நோட்டீஸ் இல்லை, கணக்குத் தீர்க்கவில்லை. போன் வந்தால் "இன்னும் ஆர்டர் வரல" என்றேன். இரண்டு பேர் வேன் நிற்கும் இடத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

அடுத்த வருடம், 2021 செப்டம்பரில், கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டதாம். ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டுப் போராடி வாங்கியது. அந்தச் செய்தியை டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் சத்தமாகப் படித்தார். ஒரு ஸ்டூலுக்கு ஒரு சட்டசபை கூடவேண்டியிருக்கிறதே என்று அவர் ஆச்சரியப்பட்டார். என்னைப் போன்றவர்கள் இருப்பதால் கூடவேண்டியிருக்கிறது. அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு அன்று வரவில்லை.

ஏஜென்சியை விட்டுவிட்டேன். டியூப் கவுண்டர் பெரியவர் வீட்டுக்குப் போய், ஈ.எஸ்.ஐ. பற்றி நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் மனைவிதான் பேசினார்: "இப்ப வந்து சொல்றியே, அப்ப சொல்லியிருந்தா என் கம்மலு காதுல இருந்திருக்கும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.-யில் இருந்து ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் உண்டு. அந்த ஏற்பாட்டைப் பற்றி மில் ஆட்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அதற்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், மில்லில் வேலை பார்த்ததற்கான பழைய கார்டு, ரிட்டயர்மென்ட் கடிதம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஸ்டூலைப் பற்றி மட்டும் அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இதைப் படிக்கமாட்டார், எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆகையால் நேரில்தான் போய்ச் சொல்லவேண்டும்.

தனி நோட்டு என்னிடம் இருக்கிறது. யார் எந்தத் தேதியில் வந்தார்கள், எத்தனை மணி நேரம் நின்றார்கள், கையில் எவ்வளவு வாங்கினார்கள் என்று எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. என்னிடம் வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ வந்து கேட்டால் நகல் தருகிறேன். எந்த அதிகாரி முன்னால் கூப்பிட்டாலும் வந்து, இதை எழுதியவன் நான், அந்த வெள்ளைத் தாள்களில் டைப் அடித்தவனும் நான் என்று சொல்கிறேன்.