இருத்தல்

தலைவன் பொருள்தேடப் பிரிவதைப் பாலையென்றும், அவன் வரவுநோக்கித் தலைவி ஆற்றியிருப்பதை முல்லையென்றும் இலக்கண நூலார் வகுத்தனர். அவ்வாறு இருக்கும் தலைவி ஒருநாளில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்று அவர்கள் வினவவில்லை. வினவவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை.

அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலே இருக்கிறாள் அவள். கணவன் கொழும்பில், கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். மணமான புதிதில் அவனும் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவன்தான். அக்கூலியால் கடன் அடையாதெனக் கண்டபின் பஸ் ஏறினான். இரவில் கடையின் பின்னறையிற் பாய் விரித்து உறங்குவான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீடு வருவான்.

இப்பிரிவு புதியதன்று. கோப்பிக் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழகத்து ஆண்கள் பழம்பறிக்கும் பருவத்துக்கு மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்தனர். வழியிற் சாகாதவர்கள் பருவம் முடிந்து திரும்பினர். மனைவியர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பறிப்பதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் குடியேறின. அன்று தேயிலை ஒன்றுசேர்த்த குடும்பத்தை இன்று தேயிலைக் கூலி பிரித்திருக்கிறது. முன்பு திருச்சியிலும் சேலத்திலும் இருந்து வழிபார்த்தவள் இப்போது அட்டனிலிருந்து பார்க்கிறாள்.

10 அடிக்கு 12 அடி லயக் காம்பரா. முன்னால் ஒரு இஸ்தோப்பு. மாமியும் மூன்று பிள்ளைகளும் அவளும் அதற்குள். விடியுமுன் எழுந்து, ஈரவிறகை ஊதி, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, கடைக்குட்டியைப் பிள்ளை மடுவத்தில் விட்டு மலைக்கு ஏறவேண்டும். மழைக்காலத்தில் இடுப்பிற் கட்டிய படங்கே பாதிக் கூடையின் பாரம். அட்டை கடித்த இடத்தை அவள் பார்ப்பது மாலையில்தான். குறித்த நிறை பறியாவிடின் அரைப்பெயர். 1984 வரை பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த நாட்கூலியே வழங்கப்பட்டது. 2021இல் அது 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது லயத்தில் மகிழ்ந்தார்கள். கடைக்காரரின் கொப்பியைப் பார்த்தபின் மகிழ்ச்சி அடங்கிற்று. அவளுடைய தாயின் சம்பளத்தைத் தகப்பனே வாங்கினார். இவள் தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்குகிறாள். கணவன் அருகில் இல்லாமையால் வந்த நன்மை இதுவொன்று என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

சென்ற ஆண்டு ஓரிரவு கணவன் தொலைபேசியில் அழைத்தான். முதலாளியின் உறவினர் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறார்களாம்.

“வீட்டோட இருக்க ஒரு புள்ள கேக்குறாங்க. நல்ல சனம். படிக்கவும் வைப்பாங்களாம்.”

மூத்தவள் அப்போது பதினோராந் தரம். இஸ்தோப்பில் விளக்கடியில் கணக்குச் செய்துகொண்டிருந்தவள் பென்சிலை நிறுத்தினாள். கொழும்புக்கு வீட்டுவேலைக்குச் சென்ற மலையகச் சிறுமி ஒருத்தி 2021இல் தீக்காயங்களால் இறந்த செய்தி அந்த லயத்தில் எவருக்கும் மறக்கவில்லை. ஆயினும் தாய் அதனைச் சொல்லவில்லை. கணவன் கெட்டவனல்லன், கடன்தான் அவன் வாயாற் பேசியது என்பதை அவள் அறிவாள்.

“அவளுக்குப் பரீட்சை இருக்குங்க” என்றாள்.

மறுமுனையில் நெடுநேரம் கொட்டாஞ்சேனைத் தெருவின் இரைச்சல் மட்டுமே கேட்டது. “சரி” என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் கைக்காசுக்கும் கொழுந்தெடுக்கப் போனாள். கணித வகுப்புக்கு மாதந்தோறும் காசு கட்டவேண்டும். தீபாவளிக்கு முதல்நாள் இரவு அவன் வந்திறங்கினான். வெள்ளவத்தை வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. புதுச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபின், பையின் அடியிலிருந்து மூத்தவளுக்கென்று ஒரு கொம்பாஸ் பெட்டியை எடுத்தான்.