காஞ்சியில் ஒரு கல், வெண்மணியில் ஒரு கல்

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா? அப்படியானால் காஞ்சிபுரம் போயாக வேண்டும். உள்ளூர்க் கடையில் எத்தனை தினுசு குவிந்து கிடந்தாலும், "முகூர்த்தப் புடவையை நெய்கிற ஊரில் போய் எடுத்தால்தான் மனசுக்குத் திருப்தி" என்று அத்தையோ பெரியம்மாவோ சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தானே? காலையில் புறப்பட்டு, காந்தி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் சேவித்துவிட்டு, மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியையும் ஒரு கை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

இந்தத் தடவை மட்டும் இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பட்டு எங்கேயும் ஓடிப்போய்விடாது. ஓர் ஊர் தனக்கு நேர்ந்ததை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது, யாருடைய நினைவை வைத்துக்கொள்கிறது என்பதைக் காஞ்சியில் பார்ப்பதுபோல் வேறு எங்கும் பார்க்க முடியாது.

பகைவன் வெட்டிய எழுத்து

முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போவோம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில். கூட்டம் குறைவு, புல்வெளியில் குழந்தைகள் ஓடியாட இடமும் உண்டு. அங்கே முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடம் எப்படி வந்தது?

"சிவகாமியின் சபதம்" படித்தவர்களுக்கு வாதாபியை மறக்க முடியுமா? 642-இல் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். நூறு வருஷம் கழிந்தது. சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் நகரைச் சூறையாடவில்லை. இந்தக் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத்தான் அந்தத் தூணில் எழுதி வைத்தான்.

அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். திருச்சுற்றுச் சுவர் முழுவதும் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். பல்லவ வம்சத்தின் கதை அங்கே கல்லில் ஓடுகிறது. வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோக, கிளை வம்சத்துச் சிறுவன் ஒருவனைத் தேடி அழைத்துவந்து நந்திவர்மன் என்று முடி சூட்டிய வரலாறும் உண்டு. யானைகளும் குதிரைகளும் சண்டைகளும் பட்டாபிஷேகமும், நம் பத்திரிகைகளில் வருகிற சித்திரத் தொடரைப் போலவே கட்டம் கட்டமாக இருக்கும்.

எல்லாம் அழகுதான். ஆனால் அந்தப் படையெடுப்புகளில் எத்தனை கூரை வீடுகள் எரிந்தன? கல்லைச் சுமந்து வந்தவர்கள் யார்? அதை எந்தக் கல்லும் சொல்லாது. வென்றவர் பெயர் உண்டு; கொடுத்தவர் பெயர் உண்டு; கூலிக்கு உழைத்தவர் பெயர் இல்லை.

நீங்கள் வாங்கப்போகிற புடவையும் அப்படித்தான். கோர்வைப் புடவை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றோடொன்று கோக்க வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவு சங்கத்திடமிருந்தோ வரும், நெய்தவர்களுக்குக் கூலி. புடவை நம் வீட்டு அலமாரியில் முப்பது வருஷம் இருக்கும். அதை நெய்தவர் பெயர் நமக்குத் தெரியாது.

கூலிக்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிற ஊர் தமிழ்நாட்டில் உண்டா? உண்டு. அந்த ஊருக்குப் போகும் வழியைக்கூடக் காஞ்சியிலேயே தொடங்கலாம், அண்ணாவின் வீட்டிலிருந்து.

அண்ணா வாழ்ந்த வீடு

1909-ஆம் ஆண்டு காஞ்சியில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணாதுரை. அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. கூடத்தில் நின்று படங்களைப் பார்க்கும்போது ஒரு கணக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1967-இல் அவர் முதலமைச்சர் ஆனார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார். அதற்குச் சரியாக நாற்பது நாள் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, அவருடைய ஆட்சியில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு மூலையில் கீழ்வெண்மணி எரிந்தது.

நாடு முழுவதும் கிறிஸ்துமஸ் கொண்டாடிய இரவு அது.

அரைப்படி நெல்

காஞ்சியிலிருந்து தெற்கே, சிதம்பரமும் மாயவரமும் தாண்டித் திருவாரூர் போய்ச் சேருங்கள். அங்கிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில் கீழ்வேளூர் வரும். அதற்குத் தெற்கே, தேவூர்ப் பக்கத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. வழியெல்லாம் வாய்க்காலும் வயலும்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை.

அந்தப் பச்சையை உண்டாக்கியவர்கள் தலித் மக்கள். ஒரு காலத்தில் பண்ணையாள் என்று பெயர். தவறு செய்தால் சவுக்கடி, சாணிப்பால் என்று தண்டனைகள் இருந்த நாட்களைக் கீழத் தஞ்சை இன்னும் மறக்கவில்லை. சங்கம் வைத்துச் செங்கொடி ஏற்றிய பிறகுதான் அந்தக் கொடுமைகள் மெல்ல ஒழிந்தன. 1960-களில் அரசு புது விதையும் உரமும் கொடுத்து விளைச்சலைப் பெருக்கியது. விளைச்சல் பெருகியதே, கூலியும் கொஞ்சம் பெருகட்டும் என்றார்கள் அறுவடை செய்கிறவர்கள். கேட்டது அரைப்படி நெல் கூடுதல். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுத்தார்கள். கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்றார்கள். இவர்கள் இறக்கவில்லை.

டிசம்பர் 25 மாலை நடந்த மோதலில் நிலச்சுவான்தார் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். இரவு அடியாட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓடக்கூடிய ஆண்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் போய்ப் பதுங்கினார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. இறந்தவர்கள் 44 பேர்.

படிக்கிற சகோதரிகளே, ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆபத்து வந்தால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவது உலகத்துத் தாய்மார் எல்லோரும் செய்கிற காரியம். அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

வழக்கு நடந்தது. 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலச்சுவான்தார்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

நினைவைக் காத்தவர்கள்

நீதிமன்றத்தில் கதை முடிந்துவிட்டது. ஊரில் முடியவில்லை. குடிசை எரிந்த இடத்தில் நினைவுத் தூண் எழுப்பினார்கள். 1969-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் வங்காளத்திலிருந்து வந்த ஜோதி பாசு. 44 பெயர்களும் கல்லில் ஏறின. ஒரே குடும்பத்துப் பெயர்கள் அடுத்தடுத்து வரும். கைக்குழந்தைகளுக்கும் அங்கே பெயர் உண்டு. பின்னாளில் பெரிய நினைவு மண்டபமும் எழும்பியது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் வந்து மலர் தூவி வணங்குகிறார்கள்.

கல் மட்டும் நினைவைக் காப்பாற்றிவிடாது. அதற்கு மனிதர்கள் வேண்டும். இங்கே இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் மைதிலி சிவராமன். அமெரிக்காவில் படித்து, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றி, 1968-இல் தாயகம் திரும்பியவர். கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிய நாட்களை அங்கே கண்ணால் பார்த்தவர். வசதியான வேலை ஒன்றில் அமர்ந்திருக்கலாம். அவரோ வெண்மணிக்கு நேரில் போனார். உயிர் தப்பியவர்களிடம் கேட்டு எழுதினார். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதும் அதை ஆராய்ந்து எழுதினார். இன்று வெண்மணியைப் பற்றி யார் ஆராய்ந்தாலும் அவர் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. 2021-இல் காலமானார்.

இன்னொருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். காந்திய வழியில் வந்தவர். வெண்மணிச் செய்தி கேட்டதும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனுடன் கீழத் தஞ்சைக்கே வந்துவிட்டார். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கம் தொடங்கினார்கள். நிலத்தை வாங்கி நிலமற்ற குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள். 2020-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1969-இல் விவசாயத் தொழிலாளருக்கு நியாயமான கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அதுவரை குடிசை நின்ற மண்கூடப் பண்ணைக்குச் சொந்தம். வாய் பேசினால் குடிசையைக் காலி செய் என்பார்கள். அந்த மண் குடியிருந்தவர்களுக்கு ஆயிற்று.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்காமரி நகரில் 2018-இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மக்களுக்கான இடம் அது. 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். கொலை நடந்த ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று. 4,400-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். கொலை நடந்த இடங்களிலிருந்து உறவினர்களும் ஊர்க்காரர்களும் ஒரு பிடி மண் எடுத்துக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பிப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆறிய புண்ணைத்தான் கிளறக் கூடாது. யார் தீ வைத்தது என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்லாமல் போன இடத்தில், எரிந்தவர்கள் இன்னார் என்றாவது எழுதி வைக்க வேண்டாமா?

அடுத்த விடுமுறையில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருவாரூர் என்று குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் கீழ்வேளூரிலிருந்து சற்றே தெற்கே திரும்புங்கள். கையோடு கொஞ்சம் பூ கொண்டு போங்கள். குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று யோசிக்க வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தையாக இருந்தால், அந்த 44 பெயர்களையும் மெதுவாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.