முறை யாருக்கு?

கல்கி எழுதிய பொன்னியின் செல்வனைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முதலில் பெயர்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பராந்தகர் இரண்டு பேர், ஆதித்தர் இரண்டு பேர். பழுவேட்டரையரில் பெரியவர், சின்னவர். சுந்தர சோழர் என்று நமக்குப் பழகியவரே இரண்டாம் பராந்தகர். அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், பின்னாளைய ராஜராஜர் மூவரும் ஒருவரே. 5 பாகம், 293 அத்தியாயம். 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. கதையோ ஓர் ஆடிப் பெருக்கில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. கதாநாயகன் வந்தியத்தேவனுக்கு முந்தாநாள் நடந்தது, அன்றைய வாசகருக்குப் போன வருஷம் படித்தது. மறக்காமல் என்ன செய்யும்?

எங்கள் அத்தை மறக்காமலிருக்க நோட்டுப் போட்டாள். எளாவூரிலிருந்து சுண்ணாம்புகுளம் போகும் பக்கம், பழவேற்காடு ஏரியோரத்தில் எங்கள் குப்பம். அந்த நோட்டில் முன்பக்கம் நாலைந்து தாள் இறால் கணக்கு: எடை, விலை, வியாபாரி தரவேண்டிய பாக்கி. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து விஜயாலயரைத் தொடங்கியிருந்தாள். அவருக்குக் கீழே முதலாம் ஆதித்தர், அவருக்குக் கீழே முதலாம் பராந்தகர். அங்கிருந்து மூன்று கோடு பிரியும்: ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். ராஜாதித்தர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘தக்கோலம், 949’ என்று இருக்கும். தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கம்தான். யானை மேலிருந்தபடியே அவர் அங்கே போரில் இறந்தார். அந்த ஒரு சாவில்தான் கதையின் அத்தனை சிக்கலும் முளைத்தது என்று அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அவளிடம் இருந்தது கடைப் புத்தகம் அல்ல. யாரோ இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தது. ஓவியர் மணியத்தின் படங்களும் இருந்தன, பின்பக்கங்களில் சம்பந்தமில்லாத விளம்பரங்களும் இருந்தன. நடுநடுவே தாள்கள் காணாமல் போயிருந்தன. ஒரு வாரத்துக் கதை இல்லாவிட்டால் அடுத்த வாரத்தில் வருகிறவர்கள் பேசுவதிலிருந்து விட்டுப்போனதை ஊகித்து, நோட்டில் ‘இப்படி நடந்திருக்கும்’ என்று எழுதி வைப்பாள். பின்னாளில் முழுப் புத்தகம் கிடைத்தபோது ஒத்துப் பார்த்தாள். ஊகித்ததை அழிக்கவில்லை.

சாயங்காலத்தில் அவள் உரக்கப் படிக்க, பெரியப்பா வலையைப் பொத்திக்கொண்டே கேட்பார். அவருக்கு எழுதப் படிக்க வராது. நோட்டைப் பார்க்காமலேயே சோழ வம்சம் முழுவதையும் இறங்குவரிசையில் சொல்லுவார். ஏரியில் பாடு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது முறை வைத்து வரும். அந்த வரிசையைத் தலையில் வைத்திருப்பவருக்கு ஒன்பது பத்து ராஜாக்கள் பெரிய விஷயமே இல்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் கதையின் கேள்வியைப் பிடித்தவரும் அவர்தான்.

“பெரியவன் சண்டையில செத்துட்டான். அடுத்தவன் கண்டராதித்தன் ஆண்டான். அவனுக்கு ஒரு புள்ள இருக்குது. புள்ள சின்னதுன்னு தம்பி அரிஞ்சயன் பாத்துக்குனான், சரி. புள்ள வளந்தப்புறம் முறை திரும்பணுமா இல்லியா? தம்பி வூட்டுலயே எப்படி நின்னுச்சு?”

அந்தப் பிள்ளையான மதுராந்தகனைப் பதவி ஆசை பிடித்தவனாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று கதை வேறாகத் திரும்பியது. அவனுக்கு முடிசூட்ட நின்ற பழுவேட்டரையர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நீண்ட கதைக்குத் துணைநூல் எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் நம்புகிறேன். வம்ச வரைபடத்தைப் போட்டு நிறுத்திவிடாமல், அதற்குள் இருக்கும் வழக்கை வாசகர் கையில் கொடுக்க வேண்டும். யார் யாருக்கு மகன் என்பது எந்தப் பட்டியலிலும் கிடைத்துவிடும்.

பூங்குழலி வந்ததும் பெரியப்பா வலையைக் கீழே வைத்துவிட்டார். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு ஒரு பெண் ஒண்டியாகப் படகு விடுகிறாள். “எந்த மாசம்? காத்து எங்கேருந்து?” என்றார். அத்தை நோட்டைப் புரட்டினாள். ஆடிப் பதினெட்டில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் நிற்கிறான். பிறகு கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை. ஆவணிக்குத் தள்ளாது என்று கணக்குச் சொன்னாள். அதன் பிறகு நோட்டில் நாள் கணக்குக்கென்று தனிப் பக்கம் ஏற்பட்டது, கேட்டது படகுக்காரர் என்பதால் அதில் காற்றும் சேர்ந்தது.

கடல் கதைகளுக்கு இப்படி ஒரு துணை மிகவும் தேவை. ஆங்கிலத்தில் பேட்ரிக் ஓ’பிரையன் எழுதிய கப்பற்படை நாவல்கள் 20. அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே, 1995-ல் டீன் கிங் என்பவர் அந்த நாவல்களின் கடற்சொற்களுக்கென்று ஓர் அகராதி கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு கப்பல்கள் போன வழிகளுக்கு நிலப்படங்களோடு இன்னொரு நூல். சாண்டில்யனின் கடல் புறாவுக்கு அப்படி ஒன்றைச் செய்யும்போது எங்கள் ஏரியோரத்துக் கிழவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சுக்கானையும் பாயையும் நீரோட்டத்தையும் கையால் அறிந்தவர்கள் சொல்லும் விளக்கத்தின் சுவை அகராதியில் வராது.

நோட்டுக்கு வருகிறேன். பாத்திரங்களுக்கான பக்கங்களை அத்தை மூன்று பத்தியாகப் பிரித்திருந்தாள். ‘கல்லில் உண்டு.’ ‘கல்கி சொன்னது.’ ‘தெரியவில்லை.’ கும்மிடிப்பூண்டி நூலகத்திலிருந்து சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ வாங்கி வந்து வைத்துக்கொண்டு முதல் பத்தியை நிரப்பினாள். குந்தவையும் செம்பியன் மாதேவியும் கல்லில் உண்டு. அநிருத்தப் பிரமராயர் அன்பில் செப்பேட்டில் உண்டு. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் கல்கி சொன்னது. வந்தியத்தேவன்தான் ஆச்சரியம். ஐந்து பாகமும் குதிரையில் திரிகிறவன், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் ஒரு பெயராக நிற்கிறான். அந்த ஒரு பெயரிலிருந்து கல்கி அத்தனையையும் எடுத்தார் என்பது தெரிந்த பிறகு எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

பைண்டில் கடைசித் தாள்களும் இல்லை. அதனால் அத்தை நோட்டின் முடிவில் கேள்விகளை எழுதிவைத்தாள்: வந்தியத்தேவனும் குந்தவையும் பிறகு என்ன ஆனார்கள், நந்தினி என்ன ஆனாள், இப்படி. வருஷங்கள் கழித்து முழுப் புத்தகத்தில் கல்கியின் முடிவுரையைப் படித்தோம். கதை சட்டென்று முடிந்துவிட்டதாக அன்றைய வாசகர்களும் குறைப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதை எடுத்துவைத்துக்கொண்டு, பின்னால் யார் என்ன ஆனார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். பொன்னியின் செல்வனுக்கு முதல் துணைநூல் அந்த முடிவுரைதான் என்பேன்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்தன. 2022, 2023-ல் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்தபோது வழிகாட்டிகளும் பாத்திரப் பட்டியல்களும் குவிந்தன. ஆவலோடு பார்த்தேன். புதிய வாசகர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், அது பெரிய காரியம். ஆனால் பலவற்றில் நந்தினியும் குந்தவையும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் நின்றார்கள். படிக்கிற பிள்ளை இரண்டு பேரையும் சரித்திரம் என்றே எடுத்துக்கொள்ளும். கல்கிக்கும் இது நியாயமில்லை. அவர் படைத்ததற்கு அவருக்குப் பெயர் சேர வேண்டாமா?

‘தெரியவில்லை’ என்ற பத்தியை வைக்கிறவர்கள் இன்னும் குறைவு. அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை அங்கேதான் இருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கதை தொடங்கும் அதே வீராணத்துக்குப் பக்கத்தில், கதையின் நடுமுடிச்சு கல்லில் இருக்கிறது. ராஜராஜரின் 2-ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்கள் வருகின்றன. அவர்கள் நிலமும் உறவினர் நிலமும் பறிக்கப்பட்ட செய்தி வருகிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பது இல்லை. கொலைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் மதுராந்தகர் என்ற உத்தம சோழரின் ஆட்சி முழுதும் கடந்துவிட்டது. அதை வைத்து நீலகண்ட சாஸ்திரியார் உத்தமர் மேல் ஐயப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். இரண்டு பேர் சொன்னதையும் அத்தை பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். எது சரி என்று குறிக்கவில்லை.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழரின் செப்பேடு, 31 ஏடு, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடிகள் அருள்மொழியை அரசேற்கச் சொன்னார்கள், சிற்றப்பன் உத்தமருக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுத்தார் என்கிறது அது. ‘தியாகச் சிகரம்’ என்று ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் வைக்கக் கல்கிக்கு இருந்த ஆதாரம் இது. அத்தை சந்தோஷமாக முதல் பத்தியில் எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள். முறை திரும்பிவிட்டதில் பெரியப்பாவுக்கும் திருப்திதான். கொஞ்ச நேரம் கழித்து, “இத எழுதுனது யாரு?” என்றார்.

“ராஜேந்திரன் காலத்துல எழுதுனதுண்ணா.”

“ராஜராஜன் மவனா? அப்ப அப்பனப் பத்தி நல்லதாத்தானே எழுதுவான்?”

அத்தை எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘மகன் காலத்துச் செப்பேடு’ என்று சேர்த்தாள்.